சாஃப்ட்டா, மீடியமா, ஹார்டா? கிராண்ட் டூரிஸ்மோ 7 டயர் பஞ்சாயத்து

மே 3, இரவு 10.40

கிராண்ட் டூரிஸ்மோ 7 (ஜிடி 7) என்ற கார்ப் பந்தய வீடியோ கேமின் டயர்கள் பற்றி வந்திருக்கும் வாதம் இது: "ஜிடி 7-ல ரேசிங் சாஃப்ட் டயர்தான் எல்லாத்தையும் விட வேகம். அப்புறம் மீடியம், ஹார்டையெல்லாம் எதுக்குக் கடையில வித்துக்கிட்டு இருக்காங்க? எப்பவும் சாஃப்ட் போடு, வேணும்னா டயர் மாத்த ஒரு பிட் கூடப் போயிட்டு வா. யாராவது மறுக்க முடியுமா?"

மறுக்கிறேன். தேய்மானம் எத்தனை மடங்கு என்று சொல்லாமல் டயர் பற்றிப் பேசுவதே வீண். தேய்மானத்தை அணைத்து வைத்திருந்தால், அல்லது ஐந்து சுற்று ஓட்டத்துக்கு 1 மடங்கு வைத்திருந்தால், நீங்கள் சொல்வது சரி. சாஃப்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். அதே ஓட்டத்தில் 8 மடங்கு, 10 மடங்கு என்று வைத்தால் அது வேறு விளையாட்டு. நிஜத்தில் ஒரு மணி நேரம் தேய வேண்டிய டயர் ஆறேழு நிமிடத்தில் தேய்கிறது. பிட்டில் நின்று திரும்பும் நேரம் மட்டும் சுருங்குவதில்லை. மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

மே 3, இரவு 11.55

தூக்கம் வரவில்லை, கணக்கே போட்டுவிடுகிறேன். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, எந்தக் குறிப்பிட்ட காருக்கும் உரியவை அல்ல.

20 சுற்று ஓட்டம். புது சாஃப்ட்டில் சுற்றுக்கு 1 நிமிடம் 40 நொடி. மீடியம் ஒரு நொடி மெதுவு, ஹார்ட் இரண்டு நொடி மெதுவு. தேயத் தேய ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட சாஃப்ட்டில் 0.25 நொடி, மீடியத்தில் 0.12, ஹார்டில் 0.06 கூடுகிறது. பிட்டுக்குப் போய் வர 25 நொடி.

எல்லாச் சுற்றையும் புது சாஃப்ட்டிலேயே ஓட்டுவதாக ஒரு கனவு ஓட்டம் வைத்துக்கொள்வோம். அதைவிட எவ்வளவு பின்தங்குகிறோம்? ஹார்டில் நிற்காமல் ஓடினால் 51.4 நொடி. மீடியத்தில் நிற்காமல் 42.8. சாஃப்ட்டில் பத்தாவது சுற்றில் ஒரு பிட் என்றால் 47.5. வேடிக்கை என்னவென்றால், சாஃப்ட்டில் நிற்காமலே இழுத்துக்கொண்டு போனாலும் அதே 47.5தான்.

ஆக மீடியம் ஜெயிக்கிறது, ஏறக்குறைய ஐந்து நொடியில். ஆனால் பிட் இழப்பு 25-க்குப் பதில் 18 நொடி உள்ள தடத்தில் இதே கணக்கைப் போடுங்கள். சாஃப்ட் 40.5-க்கு இறங்கிவிடும், மீடியம் அதே 42.8-ல் நிற்கும். கார் அதே, டயர் அதே, பதில் தலைகீழ். "எப்பவும் சாஃப்ட்" என்பதில் எனக்கு ஒவ்வாதது அந்த "எப்பவும்" மட்டும்தான்.

மே 4, காலை

"0.25, 0.12 எல்லாம் எங்கிருந்து வரும்? கேம் அதைக் காட்டறதில்லையே?" நியாயமான கேள்வி.

நீங்களேதான் எடுக்க வேண்டும். தனி ஓட்டம் ஒன்றில் அதே தடம், அதே கார், தேய்மானமும் எரிபொருளும் போட்டியில் இருக்கும் அதே மடங்கு. ஒவ்வொரு டயரிலும் அது செத்துப்போகும் வரை ஓட்டி, சுற்று நேரத்தைத் தாளில் எழுதுங்கள். முதல் சுற்றை விட்டுவிடுங்கள், நின்ற இடத்திலிருந்து கிளம்பியது அது. எங்காவது சுவரில் உரசியிருந்தால் அந்தச் சுற்றையும் அடித்துவிடுங்கள். சலிப்பான வேலை. ஆனால் லாபியில் (ஆன்லைனில் கூடி ஓட்டும் இடம்) முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை என்பதால், செய்கிறவருக்கு அது அப்படியே லாபம்.

மே 4, மதியம் 1.15

நேற்றைய கணக்கில் ஒன்று இடிக்கிறது. தேய்மானம் நேர்கோட்டில் போவதாக வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படிப் போகாது. திரையின் கீழே நாலு சக்கரப் படத்திலும் வெள்ளைப் பட்டை குறைந்துகொண்டே வருமே, அது பாதியைத் தாண்டும் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் பிறகு கார் திடீரென்று பேச்சைக் கேட்காமல் போகும்.

மீடியத்தில் நிற்காமல் ஓடுகிறவருக்குக் கடைசி நாலு சுற்றில் சுற்றுக்கு ஒன்றரை நொடி கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். மொத்தம் 6 நொடி. 42.8 என்பது 48.8 ஆகிவிட்டது. ஒரு பிட் போன சாஃப்ட்காரர் 47.5-ல் முன்னால் போய்விட்டார். கேள்வி கேட்டவர் இதைப் படித்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இதனால்தான் டயரைச் சாகும் வரை ஓட்டிப் பாருங்கள் என்றேன். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு மீதியை மனக்கணக்கில் நீட்டினால் அந்தச் சரிவு கண்ணில் படவே படாது.

மே 4, இரவு

எரிபொருளை யாருமே இழுக்கவில்லையே, ஆச்சரியம். 20 சுற்றுக்கு டேங்க் போதாது, எப்படியும் ஒருமுறை நின்றே ஆக வேண்டும் என்றால்? அப்போது பிட் இழப்பு எல்லார் தலையிலும் விழுந்துவிடும். மீடியம் இரண்டு செட் 55.8, சாஃப்ட் இரண்டு செட் 47.5. பேச்சே இல்லை, சாஃப்ட்.

அதனால் டயரைத் தொடுவதற்கு முன் எரிபொருளைப் பாருங்கள். ஃப்யூல் மேப்பை (எரிபொருளைச் சிக்கனமாக்கும் அமைப்பு) 1-லிருந்து 3, 4 என்று தள்ளி, கியரைச் சீக்கிரம் மாற்றி, நேர்பாதை முடிவில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர்) கொஞ்சம் முன்னாடியே விட்டு, நிற்காமல் முடிக்க முடிகிறதா? முடிந்தால் மீடியமோ ஹார்டோ பேச்சுக்கு வரும். முடியாவிட்டால் வராது. டயர் பஞ்சாயத்து என்று வருவதில் பாதி, உள்ளே போய்ப் பார்த்தால் பெட்ரோல் பஞ்சாயத்து.

மே 6

"ரெண்டு வகை டயரும் கட்டாயம்னு போட்டிருந்தா?"

அதே எண்களில் மீடியம் ஒரு பகுதி, சாஃப்ட் ஒரு பகுதி என்று போட்டுப் பார்த்தேன். மீடியம் 11 சுற்று, சாஃப்ட் 9 சுற்று என்றால் 51.6. மீடியத்தை 9-க்குக் குறைத்தாலும் 12-க்குக் கூட்டினாலும் வித்தியாசம் அரை நொடிக்குள். அந்த இடைவெளிக்குள் எந்தச் சுற்றில் பிட் போகலாம் என்று கணக்கைக் கேட்காதீர்கள், முன்னால் போகும் கூட்டத்தைப் பார்த்துப் போங்கள். முன்னே மூன்று பேர் அடித்துக்கொண்டு போகிறார்களா, அப்போதே உள்ளே போய்விடுங்கள். காலியான தடத்தில் இரண்டு சுற்று ஓட்டினால் அரை நொடி என்ன, மூன்று நொடி கிடைக்கும்.

எதை முதலில் போடுவது? தாளில் இரண்டும் ஒன்றுதான். தேய்ந்தாலும் தாங்குகிற டயரைத்தான் நான் முதலில் போடுவேன். லாபியில் முதல் இரண்டு சுற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் வளைவில் எவனோ பிரேக்கை மறந்து வந்து முட்டப்போகிறான். அதற்கு எதற்கு என் நல்ல டயர்?

மே 7, இரவு 9.30

பார்சிலோனாவில் ஹார்ட் போட்டும் டயர் தாங்கவில்லை என்கிறார் ஒருவர். நாலு டயரில் எது சாகிறது என்று பாருங்கள் ஐயா. அங்கே முன்பக்க இடது டயர்தான் முதலில் போகும், நிஜ தடத்திலும் அப்படித்தான். மூன்றாவது வளைவு வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். எடை மொத்தமும் இடப்பக்க முன்சக்கரத்தில் குந்திக்கொண்டு இறங்கவே இறங்காது. வளைவின் பாதியில் கார் வெளியே தள்ளுகிறது என்று கன்ட்ரோலர் ஸ்டிக்கை இன்னும் முழுக்கத் திருப்புகிறீர்கள் பாருங்கள், அந்த நொடியில் திரையில் அந்த ஒரு சக்கரம் மட்டும் சிவக்கும். திருப்புவதால் கார் திரும்பவில்லை, ரப்பர்தான் கரைகிறது. ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தி, த்ராட்டிலை ஒரு விரல்கனம் விட்டால் கார் தானாக உள்ளே வரும். பட்டையும் குறையாது.

பிரேசிலின் இன்டர்லாகோஸில் கதை மறுபக்கம். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும் தடம், வலப்பக்க டயர்கள் அடிவாங்கும்.

ஒரே ஒரு டயர் சாகிறது என்றால் அதற்குக் காம்பவுண்டை (சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்ற ரப்பர் வகை) மாற்றுவது கடைசி மருந்து. முதலில் அந்த ஒரு வளைவை மாற்றி ஓட்டுங்கள். அப்புறம் பிரேக் பேலன்ஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் பிரியும் அளவு, ஓட்டத்தின் நடுவிலேயே முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தலாம். முன்டயர் போகிறது என்றால் பின்னுக்குத் தள்ளுங்கள். ரொம்பத் தள்ளினால் பிரேக் பிடிக்கும்போது கார் பம்பரமாகச் சுற்றும், அதற்கு நான் பொறுப்பில்லை.

மே 8

"விரல்கனம்" என்றால் எவ்வளவு என்று கேட்டு நாலு பேர் கிண்டல். கன்ட்ரோலரில் ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் அளவு கிடையாது.

மே 10, மாலை

இதைச் சொல்லாமலே இருந்திருக்கிறோம்: சாஃப்ட் ஏன் பிடிக்கிறது, ஏன் தேய்கிறது? தார்ச்சாலை கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் கிட்டப் பார்த்தால் கல்லும் குழியுமாகத்தான் இருக்கும். மென்மையான ரப்பர் அந்தக் கற்களைச் சுற்றி அமுங்கி உட்காருகிறது. அமுங்கி எழும்போது ஆற்றலை விழுங்கிச் சூடாகிறது. வழுக்கலை எதிர்க்கும் விசையில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது, ரப்பர் தரையோடு ஒட்டுவதிலிருந்து இன்னொரு பங்கு. பிடிமானத்தைத் தருகிற அதே குணம்தான் ரப்பரைக் கிழிக்கவும் செய்கிறது. பிடிக்கவும் வேண்டும், தேயவும் கூடாது என்றால் டயர் கம்பெனிக்காரர்களே கையை விரிப்பார்கள்.

மே 11

நிஜ உதாரணம் கேட்டவருக்கு: 2013 இந்திய கிராண்ட் பிரீ, ஃபார்முலா 1 (எஃப்1) ஓட்டம், நொய்டா பக்கம் புத் தடம். டயர் கம்பெனி பைரலி கொண்டு வந்தவை சாஃப்ட்டும் மீடியமும். சாஃப்ட் ஒரு சுற்று வேகத்துக்குப் பிரமாதம், ஆனால் நாலைந்து சுற்றுக்கு மேல் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தகுதிச்சுற்றில் போட்ட டயரிலேயே முதல் பத்து இடத்துக்காரர்கள் கிளம்ப வேண்டும் என்பது அன்றைய விதி. ரெட் புல் ஓட்டுநர் வெட்டல் சாஃப்ட்டில் முதலிடம் பிடித்தார். ஓட்டம் தொடங்கி இரண்டாவது சுற்றின் முடிவிலேயே பிட்டுக்குள் வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். 17-வது இடத்துக்கு இறங்கி, மீடியத்தில் ஒவ்வொருவராகத் தாண்டி, ஏறக்குறைய அரை நிமிட இடைவெளியில் ஜெயித்து, நாலாவது உலகப் பட்டத்தையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டார்.

அதே ஓட்டத்தில் ரைக்கோனன் ஒரே பிட்டோடு முடிக்கப் பார்த்தார். கடைசிச் சுற்றுகளில் டயர் கைவிட்டது, பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். நான் சொன்ன சரிவு அதுதான். இடங்கள் போன பிறகு மறுபடி பிட்டுக்குள் போய்ப் புது டயர் போட்டு, ஓட்டத்தின் வேகமான சுற்றை அடித்தார். ஏழாமிடம்தான் கிடைத்தது.

வெட்டல் செய்ததை எட்டுப் பேர் லாபியில் செய்தால் எடுபடுமா? சந்தேகம்தான். அந்த ரெட் புல் காரின் வேகம் நம்மிடம் கிடையாது. இரண்டாவது சுற்றில் பிட் போனால் கடைசி இடத்துக்காரனோடு கட்டிப்புரண்டு பாதி நேரம் போய்விடும். காலி இடம் கிடைத்தால் மட்டும் செய்து பாருங்கள்.

மே 13

ஏசிசி (அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே என்ற இன்னொரு பந்தய கேம்) ஆட்கள் "எங்களுக்கு ஏன் இதில் இடமில்லை" என்கிறார்கள். ஏனென்றால் அங்கே ஜிடி3 வகைப் பந்தயக் காருக்குக் காய்ந்த தடத்தில் ஒரே காம்பவுண்ட், மழைக்கு ஒன்று, அவ்வளவுதான். உங்கள் தலைவலி காற்றழுத்தம். 1.9 பதிப்புக்குப் பிறகு ஓடும்போது 26-லிருந்து 27 பி.எஸ்.ஐ.க்குள் நிறுத்த வேண்டும், வெயில் ஏறினால் அதுவும் ஏறும். தனி இழை தொடங்குங்கள், வந்து படிக்கிறேன்.

மே 15, இரவு

மழை. இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஜிடி 7-ல் லெ மான் தடத்து 700 பி.பி. (காரின் திறனுக்குக் கேம் தரும் எண்) ஓட்டம், 30 நிமிடம், இடிக்காமல் முடித்தால் வரும் போனஸோடு பரிசு 8,25,000 கிரெடிட். காசுக்காக எல்லாரும் திரும்பத் திரும்ப ஓட்டுவது. தடம் 13.6 கிலோமீட்டருக்கு மேல், ஒரு சுற்று நாலு நிமிடத்துக்குப் பக்கம். இங்கே டயரைத் தப்பாகப் பிடித்தால் அடுத்த வளைவில் திருத்திக்கொள்ள முடியாது. நாலு நிமிடம் அழுதுகொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று ரேடார்: கன்ட்ரோலரின் டி-பேடில் (திசைப் பட்டன்கள்) மாற்றி மாற்றிக் கொண்டுவந்தால் மேகம் எங்கே வருகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும். இன்னொன்று டயர் படத்துக்குப் பக்கத்தில் தடத்து ஈரத்தைக் காட்டும் பட்டை. கண்ணாடியில் துளி விழுந்ததும் பதறி உள்ளே ஓடுகிறவர்கள் அந்தப் பட்டையைப் பார்ப்பதில்லை. வானம் கொட்ட ஆரம்பித்த பிறகும் தடம் நனையக் கொஞ்சம் நேரம் எடுக்கும், மழை விட்ட பிறகு காய அதைவிட அதிக நேரம் எடுக்கும். என் வழக்கம், பட்டை பாதியை நெருங்கி, ரேடாரிலும் மேகம் நம் தலைக்கு மேலேயே நிற்கிறது என்றால் இன்டர் (மிதமான ஈரத்துக்கான டயர்). மேகத்தின் வால் தெரிகிறது என்றால் ஸ்லிக்கிலேயே (காய்ந்த தடத்துக்கான, பள்ளமில்லாத டயர்) தம் கட்டுவேன்.

முழு மழை டயரை நான் தொடுவதே அபூர்வம். நிஜ எஃப்1-ல் பைரலியின் முழு மழை டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளும், இன்டர் 30 லிட்டர் தள்ளும் என்பார்கள். தண்ணீர் அவ்வளவு நிற்காதபோது அந்த டயரின் பள்ளங்களால் பயனில்லை, ரப்பர் சூடேறி நாசமாவதுதான் மிச்சம்.

மே 15, அதே இரவு, கொஞ்சம் கழித்து

"முடிவெடுக்கத் தெரியாமத்தான் தோக்கறேன்" என்று எழுதியவருக்கு: மகா சாம்பியன்களே முழிக்கிற இடம் இது. 2021 செப்டம்பரில் சோச்சி எஃப்1 ஓட்டத்தில் முன்னணியில் இருந்த நோரிஸ், தூறல் நின்றுவிடும் என்று ஸ்லிக்கிலேயே இருந்தார். மழை வலுத்து ஏழாமிடம். உள்ளே போய் இன்டர் மாற்றிய ஹாமில்டனுக்கு நூறாவது வெற்றி. அதே ஹாமில்டன் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், ஹங்கேரியில் மறுதொடக்கத்துக்கு மற்ற எல்லாரும் ஸ்லிக் மாற்றப் பிட்டுக்குள் போய்விட, இன்டரோடு தொடக்கக் கோட்டில் தன்னந்தனியாக நின்றார். காய்ந்த தடத்தில் ஒரு காருக்கு மட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. அந்தச் சுற்றின் முடிவிலேயே அவரும் உள்ளே வந்து கடைசிக்குப் போனார்.

அவர்களுக்குக் காதில் பேச ஒரு படையே இருந்தது. நமக்கு இருப்பது அடுப்படியிலிருந்து "சாப்பிட வர்றியா இல்லையா" என்ற குரல் மட்டும்.

மே 18

பி.பி. வரம்பு உள்ள ஓட்டங்களில் இன்னொரு கணக்கு இருக்கிறது, இதைச் சேர்க்காமல் விட்டால் பாவம். ஜிடி 7-ல் டயரை மாற்றினால் காரின் பி.பி. எண்ணும் மாறும். மெத்தென்ற டயர் போட்டால் எண் ஏறும், வரம்புக்குள் வர எஞ்சின் பலத்தைக் குறைக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் ஹார்டுக்கு (ரேசிங் டயரைவிடப் பிடிமானம் குறைந்த வகை) இறங்கினால் அந்த மிச்சத்தில் குதிரைத்திறன் ஏற்றலாம். ஆக இது கராஜிலேயே தொடங்கும் விஷயம்.

லெ மான் மாதிரி நேர்பாதை நிறைந்த இடத்தில் பலம் பக்கம் சாய ஆசை வரும். டோக்கியோ நெடுஞ்சாலைத் தடத்தில் இரண்டு பக்கமும் சுவர், அங்கே நான் பிடிமானம் பக்கம். காகிதத்தில் வேகமாக இருக்கிற கார் சுவரில் ஒருமுறை உரசினால் கணக்கு முடிந்தது. இதில் ரசனைக்கும் பங்குண்டு, சண்டைக்கு வராதீர்கள்.

மே 19

வந்துவிட்டார்கள். "ஸ்போர்ட்ஸ் டயர்ல ஓட்டறதுதான் உண்மையான ஓட்டம், ரேசிங் டயர் குழந்தைகளுக்கு." சரி தலைவரே.

மே 21

டயரே மாற்றக் கூடாது என்று ஒரு லாபி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். எஃப்1-லேயே 2005-ல் அப்படி ஒரு விதி இருந்தது, தகுதிச்சுற்றுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே செட். பஞ்சர் மாதிரி ஏதாவது ஆனால்தான் மாற்றலாம். அந்த வருடம் ஜூன் 19, இண்டியானாபொலிஸில் சாய்வான கடைசி வளைவின் சுமையை மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, 14 கார்கள் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் ஒன்று ஜோர்டான், ஓட்டியவர் நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். நாலாமிடம், ஐந்து புள்ளி. "ஆறு பேர்ல நாலாவது" என்று கேலி செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று அவருடைய டயர் தாங்கியது, மற்ற 14 பேருடையது தாங்காது. இந்த இழையில் இதைவிடப் பொருத்தமான ஓட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

லாபிக்கு அந்த விதி நல்ல யோசனைதான். ஹார்ட் விற்பனை கூடும்.

மே 24

"கன்ட்ரோலருக்குப் பதில் ஸ்டீயரிங் வீல் வாங்கினால் டயர் மிச்சமாகுமா?" ஆகும், கொஞ்சம். பிரேக்கை அளந்து மிதிக்க முடியும், பின்டயர் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தெரியும். ஆனால் கன்ட்ரோலரிலும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை 1-ல் வைத்தாலே மெதுவான வளைவுகளிலிருந்து கிளம்பும்போது பின்டயர் வெட்டியாகச் சுழலாது. நீண்ட ஓட்டத்தில் அதை அணைத்து ஓட்டுவது வீரம் என்று நினைப்பவர்கள் பதினைந்தாவது சுற்றில் என்னிடம் வந்து பேசட்டும். வீல் விலைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டருக்கு முன்பணமே கட்டிவிடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

மே 25

சரி, ஞாயிறு இரவு லாபிக்கு வருவோம். தடம் பார்சிலோனா, ஜிஆர்.3 கார்கள் (கேமில் ஜிடி3 போன்ற பந்தயக் கார் வகை), 20 சுற்று, மீடியமும் ஹார்டும் கட்டாயம், மழை கிடையாது. தேய்மானம் 7 மடங்கா 10 மடங்கா என்பதில்தான் இழுபறி. நான் 10 பக்கம், எரிபொருள் 3. "எப்பவும் சாஃப்ட்" அண்ணன் கட்டாயப் பட்டியலில் சாஃப்ட்டையும் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாம், ஆனால் மூன்றும் கட்டாயம் என்றால் இரண்டு பிட் ஆகிவிடும், பத்தரை மணிக்குள் முடியாது. சனிக்கிழமை இரவுக்குள் ஓட்டுப் போடுங்கள், அதற்கு மேல் நான் மாற்ற மாட்டேன்.